மூன்றரைப் பாட்டு

கதிர்,

உன் கல்யாணத்துக்கு இன்றைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இது அச்சாகி உன் கைக்கு வரும்போது ஐந்து நாள் இருக்கும். வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியதை ஊர் படிக்க எழுதுகிறாளே என்று நீ கோபப்படுவாய். பேசிப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பதினேழு நிமிடம் பேசினோம். கடைசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். நீ கேட்டது அச்சில் வந்த ஒன்றைப் பற்றி. அதற்கான பதிலும் அச்சில்தான் வர வேண்டும். அம்மா மகனிடம் தனியாகச் சொல்லி, இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்துவிடுகிற விஷயம் இல்லை இது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். போன வெள்ளிக்கிழமை காலை, கீழ ராஜ வீதிப் பக்கம் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் பாண்டி கூப்பிட்டார். "அம்மா, நம்ம கதிர் தம்பி ஒரு பிளெக்ஸு அடிக்கச் சொல்லிருக்காப்ல. ஒங்கட்ட மூச்சு விடக்கூடாதுன்னும் சொல்லிருக்காப்ல. ஆனா முழுக்க இங்கிலீசா இருக்கு. ஒரு எழுத்து மாறுனாலும் நாளைக்கு என்னையத்தான் ஏசுவாக. நீங்க பேப்பர்ல இருந்தவுக, ஒரு எட்டு வந்து பாத்துருங்க" என்றார். போனேன். அவருடைய கணினித் திரையில் நான் இருந்தேன். முப்பத்து மூன்று வயது, கத்தரித்த முடி, கையில் டேப் ரெக்கார்டர். எனக்கு எதிர்ப்பக்கம் கிடாரோடு பாடகன் ஹரி. இரண்டு பேருக்கும் நடுவில், நான் இருபத்தெட்டு வருடத்துக்கு முன் எழுதிய ஒரு கச்சேரி விமர்சனத்தின் பத்திரிகை வெட்டு, பத்தடி அகலத்துக்குப் பெரிதாக்கப்பட்டிருந்தது. மேலே 'இந்தியாவின் முதல் பெண் ராக் பத்திரிகையாளர்' என்று ஒரு வரி. கீழே, உன் வரவேற்பு நாளன்று மாலை 'டிராம் ஷெட்' குழுவின் ஹரி மேடையில் பாடுவார் என்றும், அது அம்மாவுக்கு மகனின் பரிசு என்றும் போட்டிருந்தது.

நான் வரி வரியாகப் படித்தேன். பழக்கம். பாண்டி பக்கத்தில் நின்றார்.

"தப்பு இருக்காம்மா?"

"எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல."

"அப்ப ஓட்டிரலாமா?"

"வேணாம் பாண்டி."

"ஏம்மா, போட்டோ சரியில்லையா?"

"எழுதியிருக்கிறது சரியில்ல. நடக்காததை எழுதியிருக்கு."

"யாரு எழுதுனதும்மா அது?"

"நான்தான்."

அவர் சிரித்தார். "அட, அப்ப நீங்களே திருத்திக் குடுத்துருங்க. அஞ்சு நிமிச வேலை" என்றார். நான் வெளியே வந்து அவர் கடைக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வாயில் புளிப்பு ஏறிவிட்டது. வயதானதால் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தேன். அது அருவருப்பு. இன்றுவரை போகவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். நான் அன்னவாசலில் பிறந்து, சென்னையில் ஓர் ஆங்கில நாளிதழில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பதினெட்டு வருடம் நகரப் பக்கத்தில் ராக் இசை பற்றி எழுதினேன். கல்லூரிக் கலைவிழாக்கள், ஓட்டல் மாடிகள், எழும்பூரில் தகரக் கூரை போட்ட ஒத்திகை அறைகள். தலைமுடி வளர்த்த பையன்கள் வெளிநாட்டுப் பாட்டுகளை மனப்பாடமாக வாசித்த காலம், பிறகு சொந்தமாகப் பாட்டு எழுதத் தொடங்கிய காலம், இரண்டையும் பார்த்தேன். இந்தியாவின் முதல் என்று நீ போட்டது தவறு, கதிர். எனக்கு முன் பம்பாயில் ஒரு பெண்ணும் கல்கத்தாவில் ஒரு பெண்ணும் எழுதினார்கள். சென்னையில் முதல் என்பது சரி. அந்தச் 'சரி' எனக்கு எதற்குப் பயன்பட்டது என்பதைச் சொன்னால் உனக்கும் குமட்டும்.

நாங்கள் வேலை செய்த முறை ஒன்று உண்டு. நகரப் பக்கம் மாலை ஏழு மணிக்கு மூடிவிடும். கச்சேரி தொடங்கவே ஏழேகால் ஆகும். மறுநாள் காலையில் விமர்சனம் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் போட்டிப் பத்திரிகையில் வந்துவிடும். அதனால் மூன்று மணிக்கே மைதானத்துக்குப் போவோம். அப்போது சவுண்ட் செக் நடக்கும். மைக்கும் கிடாரும் சரியாகக் கேட்கிறதா என்று குழு இரண்டு பாட்டை அரைகுறையாக வாசித்துப் பார்க்கும். மாலை என்னென்ன பாட்டு, எந்த வரிசையில் என்று ஒரு தாளில் எழுதித் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு அலுவலகம் திரும்பி, கூட்டம் எழுந்து ஆடியது, கடைசிப் பாட்டுக்குக் கைதட்டல் ஓயவில்லை என்றெல்லாம் நடக்கப்போவதை நடந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். நான் மட்டுமில்லை, எல்லோரும். கச்சேரிகள் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருந்தன. ஒருவரும் புகார் சொன்னதில்லை.

நீ பிளெக்ஸில் போட்ட விமர்சனத்துக்குரிய நாளில் கல்லூரி மைதானத்தில் டிராம் ஷெட் வாசித்தது. ஹரி பாடகர். பேஸ் கிடார், பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுருதியில் ஓடுகிற கிடார், வாசித்தவள் நிர்மலா, இருபத்திரண்டு வயது, பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பெண். அந்த நாளில் சென்னையில் எந்தப் பெரிய குழுவிலும் வேறு பெண் வாத்தியம் வாசிக்கவில்லை. சவுண்ட் செக்கில் டிரம்ஸ்காரன் குச்சியை நழுவவிட்டான், அது உருண்டு மேடைக்குக் கீழே விழுந்தது, நிர்மலா வாசித்துக்கொண்டே சிரித்தாள். மணி நான்கு இருக்கும். அந்தச் சிரிப்பைக் குறித்துக்கொண்டேன். நான் எழுதிய விமர்சனத்தின் கடைசி வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கடைசிப் பாட்டு வரை நிர்மலாவின் பேஸ் ஓர் அடிகூடத் தவறவில்லை, அவர் முகத்திலிருந்த சிரிப்பு மைதானம் முழுக்கப் பரவியது.' ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். உனக்கு அப்போது மூன்று வயது.

கச்சேரியில் நடந்தது இது. பாட்டுக்கு நடுவில் ஹரி அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். ரசிகர்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அவள் சட்டைக்குள் கையை விட்டான். அவள் கிடாரின் கழுத்தால் அவனை இடித்துத் தள்ளினாள். அவன் அவளுடைய கிடார் வயரைப் பிடுங்கி எறிந்தான், தோளைப் பிடித்துத் தள்ளினான். நாலடி உயர மேடையிலிருந்து அவள் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. கிடாரின் கம்பியை அழுத்துகிற கை. மேடையில் புகை போட்டிருந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் அது நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்து விசிலடித்தார்கள். பாட்டு நிற்கவில்லை. பேஸ் இல்லாமலே மீதிப் பாட்டுகளையும் வாசித்து முடித்தார்கள். கடைசிப் பாட்டுக்குக் கைதட்டல் ஓயவில்லை. அது மட்டும் நான் எழுதியபடியே நடந்தது.

மறுநாள் காலை உன் அப்பா வழக்கம்போல என் விமர்சனத்தைச் சத்தமாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "நீ ஏழு மணிக்கே வந்துட்டியே, கடைசிப் பாட்டை எங்க கேட்ட?" என்றார். கிண்டல்தான். எனக்குச் சுருக்கென்றது. "கதிருக்குக் காய்ச்சல்னு ஓடி வந்தேன்ல" என்றேன். நீ தரையில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தாய். அப்பா எழுந்து வந்து உன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்திருக்கும். போய்க் குளித்தார். சாகும்வரை அவர் அதைக் கேட்கவில்லை. நானும் அந்தக் காய்ச்சலை விடவில்லை. வருடங்கள் போகப் போக அதை நானே நம்பிவிட்டேன். என் பழைய டைரியைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. நாளைக்கு உனக்கும் குழந்தை பிறக்கும். உன்னால் முடியாததற்கு, நீ செய்யாததற்கு, அந்தக் குழந்தையைச் சாட்சிக்கு இழுக்காதே. அது இட்லியைப் பிய்த்துக்கொண்டிருக்கும், அதற்கு ஒன்றும் தெரியாது.

மேடையில் நடந்ததைக் கச்சேரிக்கு மறுநாள் மதியமே மைக் போட்டவர் எனக்குச் சொன்னார். நான் வேலை தெரிந்தவள். உடனே கல்லூரிக்குப் போனேன். முன் வரிசையில் இருந்த மாணவர்கள் இருவரைத் தனித்தனியாகக் கேட்டேன். மூன்று பேர் சொன்னதும் ஒத்துப்போயிற்று. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன், நேரம் போட்டேன், பெயர் போட்டேன். ஒரு செய்தியாளர் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்து முடித்து, நோட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். ஏன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஒரு காரணம். நான் அங்கே இல்லை என்று தெரிந்தால், பொம்பளையை இருட்டின பிறகு வேலைக்கு அனுப்பினால் இப்படித்தான் என்று சொல்லி அந்தப் பகுதியை ஓர் ஆணிடம் கொடுத்துவிடுவார்கள், எனக்குப் பின்னால் வரும் பெண்களுக்கும் கதவு அடைத்துவிடும் என்று. கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? பின்னால் வரப்போகிற பெண்களுக்காக, முன்னால் நிற்கிற ஒருத்தியை விழுங்கிவிட்டேன். முதல் பெண் என்ற பட்டத்தைத்தான் காப்பாற்றினேன். அதைத்தான் நீ பத்தடிக்குப் பெரிதாக்கியிருக்கிறாய்.

பத்து நாள் கழித்து நிர்மலா அலுவலகத்துக்கு வந்தாள். கையில் மாவுக்கட்டு. வரவேற்பறை மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் கீழே இறங்கிப் போனதும் எழுந்து நின்றாள்.

"அக்கா, அது நீங்க எழுதினதா?"

"ஆமா."

"நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"முன்னாடிதான்."

"அப்ப பாத்திருப்பீங்களே."

நான் புகையைச் சொன்னேன். கூட்டத்தைச் சொன்னேன். சரியாகத் தெரியவில்லை என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். கல்லூரியில் மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கிறதாம். அவள் கடைசிவரை சிரித்துக்கொண்டு வாசித்தாள், கச்சேரி முடிந்து குடித்துவிட்டு மேடையில் தடுக்கி விழுந்தாள் என்று ஹரியின் ஆட்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கூடவே என் விமர்சனத்தின் நகல். "ஒரே ஒரு வரி போடுங்கக்கா. நாங்க எழுதினது மாதிரி நடக்கலைன்னு" என்றாள். அப்போது நான் கேட்டேன், கதிர், இதே வாயால்: "நீ சொல்றதுக்கு ஆதாரம் இருக்கா?" மூன்று பேர் சாட்சியம் மாடியில் என் இழுப்பறைக்குள் இருந்தது. "ஆதாரம் உங்க பேப்பர்தானாம். எனக்கு எதிரா" என்றாள். ஆசிரியரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று அனுப்பினேன். ஆசிரியரிடம் பேசவில்லை. விசாரணைக் குழு அவள் புகாரைத் தள்ளியது. எலும்பு கோணலாகக் கூடி, அவள் வாசிப்பதையே விட்டுவிட்டாள். டிராம் ஷெட்டில் அடுத்து பேஸ் வாசிக்க வந்தவன் ஆண். 'புதிய வேகம்' என்று அவனைப் பற்றியும் எழுதினேன்.

பிறகு பதினைந்து வருடம் நான் ஹரியைப் பற்றி எழுதிய வார்த்தைகளை நேற்று எடுத்துப் படித்தேன். 'அடங்காதவர்.' 'விதிகளுக்கு வெளியே வாழ்பவர்.' 'மேடைக்கு வந்தால் யாருக்கும் பாதுகாப்பில்லை', இதை நான் பாராட்டாக எழுதியிருக்கிறேன். எனக்குத் தெரிந்து அவனால் பாதிக்கப்பட்ட பெண்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் சொல்ல விரும்பவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. ஒவ்வொரு அழுக்குக்கும் நான் ஒரு நல்ல சொல் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஒத்திகை அறைகளின் வாடையைப் பற்றி, புளித்த பீர் ஊறிய கம்பளத்தைப் பற்றி, பெண் பேட்டி எடுக்க வந்தால் அவர்கள் சொல்லிச் சிரிக்கும் ஜோக்குகளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. நானும் கூடச் சிரித்தேன். சிரித்தால்தான் அடுத்த அறைக்குள் விடுவார்கள். அந்த நாள் போட்டோக்களில் என் பல் தெரிகிற இடமெல்லாம் இப்போது பார்க்க முடியவில்லை.

உனக்கு ஹரியைப் பிடிக்கும். அதற்கும் நான்தான் காரணம். உனக்குப் பத்து வயதில் அவன் நம் ஊருக்கு வந்தான், நான்தான் அழைத்து வந்தேன், ஒரு சிறப்புக் கட்டுரைக்காக. சித்தன்னவாசல் மலைமேல் ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறினோம். சமணத் துறவிகள் படுத்த வழவழப்பான கல்லில் அவன் மல்லாந்து படுத்து கிடாரை மீட்டினான். காவலாளி ஓடி வந்து, "எந்திரிங்க சார், தவம் இருந்தவுக படுத்த எடம் அது. ஒங்க வீட்டுச் சோபான்னு நெனச்சீகளா?" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். இறங்கும்போது ஹரி அந்த கிடாரை உனக்கே கொடுத்துவிட்டான். உன் வாழ்க்கையின் நல்ல நாள் அது என்று கல்லூரி விண்ணப்பத்தில்கூட எழுதினாய். காவலாளி சொன்னதை நான் கட்டுரையில் ஒரு நகைச்சுவையாகப் போட்டேன். அவர் ஒருவர்தான் அன்றைக்கு ஹரியை எழுந்திருக்கச் சொன்னவர்.

ஞாயிற்றுக்கிழமை போனில் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லாமல், ஹரி வேண்டாம் என்றுதான் தொடங்கினேன். என் தப்பு அது. நீ ஆசையாக இருந்தாய். "பாண்டி அண்ணன் சர்ப்ரைஸைக் கெடுத்துட்டாரா? அம்மா, ஹரி அங்கிள் ரெண்டு மணி நேரம் பாட ஒத்துக்கிட்டாரு. கடைசிப் பாட்டுக்குத் தேனுவை மேடைக்கு இழுத்து ஆட வைப்பாராம். அதுதாம்மா அவரோட ஸ்டைல்" என்றாய். தேன்மொழியை, என் மருமகளை, நாலடி மேடைக்கு அவன் இழுக்கப்போகிறான், நம் சொந்தமெல்லாம் விசிலடிக்கப்போகிறது, பின்னால் பத்தடிக்கு என் விமர்சனம் தொங்கப்போகிறது. நடந்ததைச் சொன்னேன். "அவருக்கு இப்ப அறுபது வயசும்மா" என்றாய். பிறகு, "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் வாசிச்சாங்கன்னு நீதானே எழுதியிருக்க? பேப்பர்லயே இருக்கே. வேற ஆதாரம் இருக்கா?" என்றாய். அதுதான் அந்தக் கேள்வி. உன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வாக்கியத்தை எங்கே கேட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

ஆதாரம் இருக்கிறது. நோட்டு இருக்கிறது. மூன்று பெயர்கள், மூன்று நேரங்கள். அதன் நகலை இந்தப் பத்திரிகையின் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய ஆதாரம் நான் அங்கே இல்லை என்பது. ஆனால் ஒன்றை உன்னிடம் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நாளைக்குத் தேன்மொழி ஏதோ ஒரு மாலையில் வீட்டுக்கு வந்து, இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று சொல்வாள். அப்போது அந்தக் கேள்வியை முதலில் கேட்காதே. எங்கே வலிக்கிறது என்று கேள். ஆதாரம் தேடுவது அதற்கு அடுத்த வேலை, அதையும் நீயே போய்த் தேடு. அவளைக் கொண்டுவரச் சொல்லாதே.

வல்லத்திராக்கோட்டையிலிருந்து உன் மாமா செவ்வாய்க்கிழமை வந்தான். வாழை மரம், பந்தல் பேச்செல்லாம் பேசிவிட்டு, "மாப்ள சொன்னாக, மெட்ராஸ்லேருந்து பெரிய பாட்டுக்காரரு வாராராம்ல" என்றான். என் தம்பியிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. சொன்னேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டான். "அப்ப அந்த ஆளு இங்கிட்டு வரப்படாது. அம்புட்டுத்தான்" என்றான். கொஞ்சம் கழித்து, "ஏக்கா, பேப்பர்ல வேலை பாத்தவ நீயி. ஒனக்கே வாயத் தொறக்க முடியலன்னா அந்தப் புள்ள யாருகிட்டப் போயிருக்கும்?" என்றான். வயலைத் தவிர வேறொன்றும் தெரியாது என்று நான் உங்கள் எல்லோரிடமும் கேலி பேசியவன் அவன். ஆறிப்போன காப்பியை நானே எடுத்துப்போய்க் கொட்டினேன்.

நிர்மலாவின் எண் மூன்று பேரைக் கேட்டுக் கிடைத்தது. ரயில்வே அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து இப்போது கண்காணிப்பாளர். ஐம்பது வயது. பெயரைச் சொன்னதும், "ஓ. முன்னாடி உக்காந்திருந்தவங்க" என்றாள். அவள் வீட்டில் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. திருத்தம் போட வேண்டும் என்றேன்.

"இப்ப என்ன அவசரம்?"

"என் பையன் கல்யாணத்துக்கு அவன் பாட வர்றான்."

"அப்படிச் சொல்லுங்க. உங்க வீட்டு வாசலுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சு."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது? உண்மை. உன் கல்யாணத்துக்கு ஒரு நாதஸ்வரக் குழுவை மட்டும் நீ ஏற்பாடு செய்திருந்தால், நான் அந்த நோட்டோடு சேர்ந்து செத்துப்போயிருப்பேன். மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன். "அதெல்லாம் வேணாம். என்ன எழுதப் போறீங்கன்னு படிங்க" என்றாள். எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். பிழை திருத்துகிறவரைப் போலக் கேட்டாள், ஒவ்வொரு வரியாக நிறுத்தி.

"என் பேரைப் போடலாம். அழுதேன்னு எங்கயும் போடாதீங்க. நான் அழல."

"சரி."

"மூணாவது பாட்டுலன்னு போட்டிருக்கீங்க. யாரு சொன்னா?"

"அன்னைக்கு மைக் போட்டவரும் ரெண்டு பசங்களும் சொன்னாங்க. மூணு பேரும்."

"மூணு பேரும் தப்பு. அது நாலாவது. மூணு பாட்டு முழுசா வாசிச்சேன். நாலாவதுல பாதி. அதைச் சரியாப் போடுங்க. நான் அந்தக் குழுவோட கடைசியா வாசிச்சது அந்த மூணரைப் பாட்டுதான்."

திருத்திக்கொண்டேன். பிறகு எனக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும்போல இருந்தது. அந்தப் பழைய பலவீனம். "அந்த மூணரைப் பாட்டையும் ரொம்ப நல்லா வாசிச்சீங்கன்னு ஒரு வரி சேக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க கேட்டீங்களா?"

"சவுண்ட் செக்ல கேட்டேன்."

"அது கச்சேரி இல்லைங்க" என்றாள். "கேக்காததை மறுபடியும் எழுதாதீங்க."

வைத்துவிட்டாள்.

கதிர், பிளெக்ஸை நான் நிறுத்திவிட்டேன். ஹரியிடம் வர வேண்டாம் என்று சொல்வது உன் வேலை. நீ அழைத்தாய், நீ சொல். காரணம் கேட்டால் இந்தப் பக்கத்தைக் கொடு. நீ சொல்லாவிட்டால், அவன் மண்டபத்துக்குள் வரும்போது நான் வாசலில் நின்று சொல்வேன், சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிற இடத்திலேயே. அப்படி நடந்தால் உன் கல்யாணம் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். ஒருத்தியுடைய கையைக் கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதை மறைக்க உன் நெற்றியில் இல்லாத காய்ச்சலைப் பயன்படுத்தியவள். இனி உன் கல்யாணத்தையும் அதற்குப் பயன்படுத்த மாட்டேன். நீ என்னைப் பார்த்து அருவருப்படைந்தால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அது சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது.

இதோடு இருபத்தெட்டு வருடம் பிந்திய ஒரு செய்தியையும் அனுப்புகிறேன். என் நாளிதழில் திருத்தங்களைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுவோம். இதை இந்தக் கடிதத்தின் எழுத்திலேயே போடச் சொல்லியிருக்கிறேன்.

திருத்தம்: கல்லூரி மைதானத்தில் நடந்த டிராம் ஷெட் கச்சேரி பற்றி நான் எழுதிய விமர்சனத்தில், பேஸ் கிடார் கலைஞர் நிர்மலா கடைசிப் பாட்டு வரை சிரித்த முகத்துடன் வாசித்ததாகக் கூறியிருந்தேன். அது தவறு. அவர் மூன்று பாட்டுகளை முழுமையாகவும் நான்காவதில் பாதியையும் வாசித்தார். நான்காவது பாட்டின் நடுவில் பாடகர் ஹரி அவரிடம் தகாத முறையில் நடந்து, எதிர்த்ததற்காக மேடையிலிருந்து தள்ளியதில் அவருடைய இடது மணிக்கட்டு முறிந்தது. அவர் குடித்திருக்கவில்லை. அவர் அழவில்லை. அந்த மூன்றரைப் பாட்டையும் அவர் எப்படி வாசித்தார் என்பது எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

அம்மா